பதிலுக்கு 'டு', காரணத்துக்கு 'ஃபார்': ஒரு பழைய அட்டவணையைக் கேள்வி கேட்போம்

இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியர், யோங் பெங், ஜொகூர்



தமிழ் வழியாக ஆங்கிலம் சொல்லித்தரும் துணைநூல் ஏதாவது ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். முன்னிடைச்சொல் பாடத்தில் பெரும்பாலும் ஓர் அட்டவணை இருக்கும். 'இன்' என்றால் இல், 'ஆன்' என்றால் மேல், 'டு' என்றால் கு, 'ஃபார்' என்றால் க்காக, 'ஃப்ரம்' என்றால் இலிருந்து, 'வித்' என்றால் உடன், 'பை' என்றால் ஆல், 'ஆஃப்' என்றால் உடைய. எட்டு வரி. மனப்பாடம் செய்தால் பாடம் முடிந்தது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள்.

இந்த அட்டவணையால் ஆங்கிலக் கட்டுரையில் மதிப்பெண் போவது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தமிழ்க் கட்டுரையும் இதனால் கெட்டுக்கொண்டு வருகிறது. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. ஆகவே, இது ஆங்கில ஆசிரியரின் வேலை என்று ஒதுக்கிவிடாமல் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அட்டவணை எங்கே இடறுகிறது?

முதலில் 'பை' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். அட்டவணைப்படி அது 'ஆல்'. 'பை பஸ்' என்றால் 'பஸ்ஸால்' வந்தேன் என்றா சொல்வோம்? பஸ்ஸில் வந்தேன் என்போம். 'பை மண்டே' என்றால் திங்கட்கிழமைக்குள். 'பை த ரிவர்' என்றால் ஆற்றோரம். மூன்றிலும் 'ஆல்' இல்லை.

இதற்குத் துணைநூல்கள் ஒரு மாற்று வைத்திருக்கின்றன. ஒரு சொல்லுக்குப் பல பொருள் உண்டு, பொருளைப் பார்த்துப் போடு என்பார்கள். பாதி உண்மைதான். இடத்தையும் காலத்தையும் சொல்லும்போது பொருள் வழிகாட்டும். ஆனால் இந்த இரண்டையும் பாருங்கள்.

'ரீசன் ஃபார்' என்றாலும் தமிழில் 'அதற்குக் காரணம்'. 'காஸ் ஆஃப்' என்றாலும் 'அதற்குக் காரணம்'. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பொருள். தமிழில் ஒரே பெயர், ஒரே உருபு. ஆங்கிலத்திலோ ஒன்றுக்கு 'ஃபார்', மற்றதற்கு 'ஆஃப்'. இங்கே பொருளைப் பார்த்து மாணவன் எப்படி முடிவு செய்வான்? முடியாது. 'ரீசன்' என்ற பெயர் 'ஃபார்' கேட்கிறது. 'காஸ்' என்ற பெயர் 'ஆஃப்' கேட்கிறது. அவ்வளவுதான்.

இதே மாதிரி 'ஆன்சர்' என்ற பெயருக்கு 'டு', 'இன்ட்ரஸ்ட்' என்பதற்கு 'இன்', 'இஃபெக்ட்' என்பதற்கு 'ஆன்', 'நீட்' என்பதற்கு 'ஃபார்', 'நாலெஜ்' என்பதற்கு 'ஆஃப்', 'டிஃபரன்ஸ்' என்பதற்கு 'பிட்வீன்' வரும். துணைச்சொல்லைத் தேர்ந்தெடுப்பது முன்னால் நிற்கும் பெயர். அட்டவணை அந்தப் பெயரைக் காட்டுவதே இல்லை. துணைச்சொல்லை மட்டும் தனியே பிடுங்கி வந்து அதற்கு ஒரு தமிழ் விலைச்சீட்டு ஒட்டிவிடுகிறது. என் முதல் குற்றச்சாட்டு இதுதான்.

வினை நேரே பிடிக்கும், பெயருக்கு மூட்டு வேண்டும்

நம் நாட்டு மாணவர்கள் ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு பிழை உண்டு. 'டிஸ்கஸ் எபௌட் த ப்ராப்ளம்' என்று எழுதுவார்கள். ஆசிரியர் 'எபௌட்' மேல் சிவப்புக் கோடு போடுவார். ஏன் என்று கேட்டால் 'அப்படித்தான்' என்று பதில் வரும். உண்மையில் காரணம் இருக்கிறது. 'டிஸ்கஸ்' வினை. 'டிஸ்கஷன்' பெயர். பெயருக்குப் பின்னால் 'எபௌட்' வரலாம். வினைக்குப் பின்னால் வராது. மாணவன் பெயரின் துணையை வினைக்குக் கட்டிவைத்துவிட்டான்.

'ரிக்வெஸ்ட்', 'டிமாண்ட்', 'விசிட்', 'ஆன்சர்' எல்லாம் இப்படியே. வினையாக வந்தால் நேரே செயப்படுபொருளைப் பிடிக்கும். பெயராக வந்தால் முறையே 'ஃபார்', 'ஃபார்', 'டு', 'டு' என்று ஒரு துணை வேண்டும். 'எம்ஃபசைஸ்' என்ற வினைக்கு 'ஆன்' வேண்டாம், 'எம்ஃபசிஸ்' என்ற பெயருக்கு 'ஆன்' வேண்டும்.

இப்போது தமிழுக்கு வாங்க.

என்னை நம்பு. என் மீது நம்பிக்கை.
அவரை மதிக்கிறேன். அவர் மீது மதிப்பு.
அவனைச் சந்தேகிக்கிறாள். அவன் மேல் சந்தேகம்.
இசையை விரும்புகிறேன். இசையில் விருப்பம்.

கவனித்தீர்களா? வினை வரும்போது 'ஐ' நேரே பிடிக்கிறது. அதே வினை பெயராக மாறியதும் 'ஐ' கழன்று, மீது, மேல், இல் என்று வேறொரு துணை வந்து சேர்கிறது. ஆங்கிலத்தில் 'டிரஸ்ட் மீ' என்பதற்கும் 'டிரஸ்ட் இன் மீ' என்பதற்கும் உள்ள உறவு அப்படியே இங்கேயும் இருக்கிறது.

மலாயிலும் பாருங்கள். 'மென்ஜாவாப் சோஆலான்' என்றால் கேள்விக்குப் பதிலளித்தல். வினை நேரே பிடித்தது. 'ஜாவாபான் கெபாடா சோஆலான்' என்றால் கேள்விக்குப் பதில். பெயர் வந்ததும் நடுவில் 'கெபாடா' வந்துவிட்டது. முன்னிடைச்சொல்லுக்கு மலாய் இலக்கணம் வைத்த பெயர் 'காத்தா செண்டி நாமா'. 'செண்டி' என்றால் உடம்பில் உள்ள மூட்டு. பெயருக்கு மூட்டு வேண்டும் என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. எனக்கு இந்தச் சொல் ரொம்பப் பிடிக்கும்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. ஆங்கிலத்தில் 'வெய்ட்' என்ற வினைக்கே 'ஃபார்' வேண்டும். தமிழில் 'உதவு' என்ற வினை 'கு' கேட்கும். மலாயில் 'மெனோலோங் காவான்' என்று நேரே பிடிப்பதால் நம் பிள்ளைகள் 'நண்பனை உதவினேன்' என்று எழுதிவிடுகிறார்கள். 'நண்பனுக்கு உதவினேன்' என்பதே சரி. ஆனாலும் பொதுப்போக்கு தெரிந்துவிட்டால் விதிவிலக்கை நினைவில் வைப்பது சுலபம். ஒன்றுமே தெரியாதவனுக்கு எல்லாமே விதிவிலக்குதான்.

நன்னூல் காட்டும் வழி

இது புதுக் கண்டுபிடிப்பு என்று நான் சொல்லவில்லை. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய நன்னூலில் இதற்கான சாவி இருக்கிறது.

நான்காம் வேற்றுமையின் பொருளை நன்னூல் எப்படிச் சொல்கிறது? கொடை, பகை, நட்பு, தகுதி, அதுவாதல், பொருட்டு, முறை என்று அடுக்குகிறது. 'கு என்றால் இன்ன பொருள்' என்று ஒற்றை வரியில் முடிக்கவில்லை. கு எந்தச் சொற்களின் கூட்டத்தில் வரும் என்று காட்டுகிறது. எலிக்குப் பகை பூனை. ரவிக்கு மாமா. சங்கிலிக்குப் பொன். சம்பளத்துக்கு வேலை. பகை என்ற சொல் வந்தால் கு, உறவுமுறை வந்தால் கு. ஆங்கிலத்தில் இதே இடங்களுக்கு ஒரே துணை போதாது. பகைக்கு 'ஆஃப்' வரும், சங்கிலிக்குப் பொன் என்பதற்கு 'ஃபார்' வரும், கேள்விக்குப் பதில் என்பதற்கு 'டு' வரும். நம்முடைய ஒரு கு, அவர்களிடம் மூன்று சொல்லாகப் பிரிகிறது.

அடுத்தது இன்னும் முக்கியம். எந்த வேற்றுமை எதைக் கொண்டு முடியும் என்றும் நன்னூல் சொல்கிறது. ஆறாம் வேற்றுமையும், எல்லைப் பொருளில் வரும் ஐந்தாம் வேற்றுமையும் பெயர் கொண்டு முடியும். நான்கும் ஏழும் பெயரையும் கொள்ளும், வினையையும் கொள்ளும். மற்றவை வினை கொள்ளும். பெரும்பாலும் இப்படி என்பதே கணக்கு.

நாம் வகுப்பில் என்ன செய்கிறோம்? எட்டு வேற்றுமை, அவற்றின் உருபு, ஆளுக்கு ஓர் எடுத்துக்காட்டு என்று கட்டம் போட்டு நிறுத்திவிடுகிறோம். கொண்டு முடியும் சொல்லைப் பற்றிப் பேசுவதே இல்லை. அதாவது ஆங்கிலத் துணைநூல் செய்யும் அதே வேலையைத் தமிழ் இலக்கணப் பாடத்திலும் செய்கிறோம். உருபைத் தனியே பிடுங்கி வைக்கிறோம்.

எட்டு என்ற கணக்கையே கேள்வி கேட்டவர்கள் உண்டு. 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கண நூலில் கால்டுவெல், எட்டு வேற்றுமை என்பது வடமொழி அச்சில் வார்த்தது என்றும், கருவியைக் காட்டும் 'ஆல்', உடனிகழ்ச்சியைக் காட்டும் 'ஓடு' இரண்டையும் ஒரே வேற்றுமையில் அடைத்தது பொருந்தாது என்றும் வாதிட்டார். வேடிக்கை என்னவென்றால் ஆங்கில 'வித்' அந்த இரண்டு வேலையையும் சேர்த்தே செய்கிறது. 'வித் எ நைஃப்' என்றால் கத்தியால், 'வித் மை ஃபாதர்' என்றால் அப்பாவோடு. மூன்றாம் வேற்றுமையை ஒழுங்காகப் படித்த மாணவனுக்கு 'வித்' புரியும். அட்டவணையில் 'உடன்' என்று மட்டும் படித்தவன் 'கத்தியுடன் வெட்டினான்' என்று எழுதுவான்.

பேச்சில் இருக்கிற வினை எழுத்தில் எங்கே போச்சு?

ஒரு பெயரோடு இன்னொரு பெயரை ஆங்கிலம் சின்னத் துணைச்சொல்லால் ஒட்டிவிடும். 'த பஸ் டு சிங்கப்பூர்', 'த பாய் வித் கிளாசஸ்', 'த ரிங் ஃப்ரம் மை கிராண்ட்மதர்', 'த மில்க் இன் த ஃப்ரிட்ஜ்'. எதிலும் வினை இல்லை.

தமிழில் இதை எப்படிச் சொல்வோம்? யோங் பெங் பஸ் நிறுத்தத்தில் நிற்கிற யாரையும் கேளுங்கள். 'சிங்கப்பூர் போற பஸ்' என்பார்கள். 'கண்ணாடி போட்ட பையன்'. 'பாட்டி கொடுத்த மோதிரம்'. 'ஃப்ரிட்ஜில இருக்கிற பால்'. ஒவ்வொன்றிலும் ஒரு வினை வந்து நிற்கிறது. போகிற, போட்ட, கொடுத்த, இருக்கிற. ஆங்கிலத் துணைச்சொல் ஒளித்துவைத்த வினையைத் தமிழ் வெளியே கொண்டுவருகிறது. கடையில் 'தே ஓ கோசோங்' என்று கேட்கிற நாம், வீட்டில் 'சீனி போடாத தேத்தண்ணி' என்போம். 'விதௌட்' என்பதற்குத் தமிழில் 'போடாத' என்றொரு வினை.

'வித்' ஒன்றை மட்டும் எடுத்துப் பாருங்கள். குடை பிடித்த ஆள், கிணறு உள்ள வீடு, குழம்பு ஊற்றிய சோறு, கண்ணாடி போட்ட பையன். நான்குக்கும் ஆங்கிலத்தில் 'வித்' போட்டுவிடலாம். தமிழில் நான்கு வினை. எந்த வினை என்பதைப் பக்கத்தில் நிற்கும் பெயர் முடிவு செய்கிறது. குடையைப் பிடிப்போம், கண்ணாடியைப் போடுவோம், குழம்பை ஊற்றுவோம்.

இவ்வளவு நுட்பத்தையும் நம் பிள்ளைகள் பேச்சில் பிசகாமல் செய்கிறார்கள். பேனாவைக் கையில் எடுத்ததும்தான் 'சிங்கப்பூருக்கான பேருந்து' என்று எழுதுகிறார்கள். பேச்சுத்தமிழ் கொச்சை, எழுத்தில் வேறு மாதிரி இருக்கவேண்டும் என்ற பயம் ஒரு பக்கம். 'டு' என்றால் 'கு' என்ற அட்டவணை மறுபக்கம். இரண்டும் சேர்ந்து, வாயில் இருந்த நல்ல தமிழை எழுத்தில் இல்லாமல் செய்துவிடுகின்றன. 'போற' என்பதைப் 'போகும்' என்று மாற்றினால் போதும். 'சிங்கப்பூர் போகும் பேருந்து' முழுமையான எழுத்துத்தமிழ்.

'ஆன' எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்?

க்கான, உடனான, மீதான, இடையிலான. இன்றைய செய்தித்தமிழில் இவை இல்லாத பத்தி குறைவு. மாணவர் கட்டுரைகளிலும் இவை நிரம்பி வழிகின்றன.

'ஆன' என்பது 'ஆகு' என்ற வினையின் பெயரெச்சம். உருபுக்கும் பெயருக்கும் நடுவில் ஒரு வினை வேண்டும் என்று தமிழ் கேட்கிறது. என்ன வினை என்று யோசிக்க நேரமில்லாதவர் 'ஆன' போட்டு இடத்தை நிரப்பிவிடுகிறார். இலக்கணப்படி குற்றம் இல்லை. ஆனால் அது வெறும் வினை. எதையும் சொல்லாது.

நம் ஊரிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. 2023 மார்ச்சில் யோங் பெங் வட்டாரத்தில் வெள்ளம் வந்தது. அதைப் பற்றி ஒரு மாணவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் 'த டேமேஜ் டு த ஹவுஸ் ஃப்ரம் த ஃப்ளட்'. அட்டவணையை நம்பினால் 'வெள்ளத்திலிருந்தான வீட்டிற்கான சேதம்' என்று வரும். படிக்கவே கஷ்டமாக இருக்கிறது, இல்லையா? 'வெள்ளத்தால் வீட்டுக்கு ஏற்பட்ட சேதம்' என்று எழுதிப் பாருங்கள். 'ஆல்', 'கு' இரண்டையும் 'ஏற்பட்ட' என்ற ஒரே வினை தாங்கிக்கொண்டது. மூன்றாம் வேற்றுமை வினை கொண்டு முடியும் என்று நன்னூல் சொன்னது இதைத்தான்.

அதற்காக 'ஆன' எல்லாமே தப்பு என்று சொல்ல மாட்டேன். சில தூய்மைவாதிகள் அப்படிச் சொல்வார்கள். 'மாணவர்களுக்கான போட்டி' என்பது நல்ல தமிழே. 'மாணவர் போட்டி' என்றால் மாணவர் நடத்தும் போட்டியா, மாணவருக்காக நடத்தும் போட்டியா என்று குழப்பம் வரும். அங்கே 'க்கான' தேவை. 'இரு நாடுகளுக்கு இடையிலான ஒப்பந்தம்' என்பதும் அப்படியே.

நான் வகுப்பில் வைத்திருக்கும் சோதனை மூன்று கேள்விகள்தான்.

முதல் கேள்வி: இரண்டு பெயரையும் நேரே சேர்த்தால் பொருள் விளங்குகிறதா? 'பள்ளிக்கான கட்டணம்' வேண்டாம், 'பள்ளிக் கட்டணம்' போதும். 'விலையிலான உயர்வு' வேண்டாம், 'விலை உயர்வு' போதும்.

இரண்டாம் கேள்வி: பேச்சில் சொல்லும்போது அங்கே ஒரு வினை வருகிறதா? வந்தால் அதையே எழுத்து வடிவில் போடு. 'அண்ணனிடமிருந்தான கடிதம்' வேண்டாம், 'அண்ணன் எழுதிய கடிதம்'.

மூன்றாம் கேள்வி: பெயரையே வினையாக மாற்றிவிடலாமா? 'ஆசிரியர்களுடனான சந்திப்பை நடத்தினோம்' வேண்டாம், 'ஆசிரியர்களைச் சந்தித்தோம்'.

மூன்றுக்கும் 'இல்லை' என்று பதில் வந்தால் தாராளமாக 'ஆன' போடுங்கள்.

மலாய் கை கொடுக்கும்

நம் மாணவனுக்கு மும்மொழி தெரியும் என்பதை ஒரு சுமையாகவே பேசுகிறோம். இந்தப் பாடத்தில் அது ஒரு வசதி. ஆங்கிலத்தில் இடத்திலிருந்து வந்தாலும் ஆளிடமிருந்து வந்தாலும் 'ஃப்ரம்' ஒன்றுதான். மலாயில் இடத்துக்கு 'டாரி', ஆளுக்கு 'டாரிபாடா'. தமிழிலும் இடத்துக்கு 'இலிருந்து', ஆளுக்கு 'இடமிருந்து'. லாபிஸிலிருந்து வந்தான், மாமாவிடமிருந்து வாங்கினான். 'அம்மாவிலிருந்து பணம் கிடைத்தது' என்று எழுதுகிற மாணவனிடம், மலாயில் இங்கே 'டாரி' போடுவாயா என்று கேளுங்கள். அவனே திருத்திக்கொள்வான்.

எழுதும் முறையிலும் ஒரு பாடம் உண்டு. மலாயில் இடத்தைக் காட்டும் 'டி'யைப் பிரித்து எழுதவேண்டும், செயப்பாட்டுவினையின் 'டி'யைச் சேர்த்து எழுதவேண்டும். தமிழிலோ வேற்றுமை உருபைப் பெயரோடு சேர்த்தே எழுதவேண்டும். 'பள்ளி க்கு', 'வீட்டி ல்' என்று திறன்பேசியில் தட்டுகிற பழக்கம் கட்டுரைத்தாளுக்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் என்ன செய்யலாம்?

அட்டவணையை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது என்ற கேள்வி நியாயமானது. படிவம் 4, 5 மாணவர்கள் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளட்டும். புதுப் பெயர்ச்சொல் ஒன்று வந்தால் அதைத் தனியே எழுதக்கூடாது. துணையோடு எழுதவேண்டும். தமிழில் 'காரணம்' என்று எழுதாமல் 'அதற்குக் காரணம்' என்றும், ஆங்கிலத்தில் 'ரீசன்' என்று எழுதாமல் 'ரீசன் ஃபார்' என்றும் எழுதட்டும். அதன் வினை வடிவத்தைப் பக்கத்தில் குறிக்கட்டும். வாரத்துக்கு ஐந்து பெயர் போதும். எஸ்.பி.எம். எழுதப்போகும் மாணவனுக்கு ஓராண்டில் இருநூற்றுக்கு மேல் சேர்ந்துவிடும்.

தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் மலாய் ஆசிரியரும் ஒரே அறையில்தான் உட்கார்ந்திருக்கிறோம். ஒரே வாரத்தில் மூவரும் ஒரே ஐந்து பெயரைத் தத்தம் மொழியில் நடத்தினால் பிள்ளைகளுக்கு எவ்வளவு லாபம் என்று யோசித்துப் பாருங்கள். இதற்குத் தனி நிதியோ பயிலரங்கோ வேண்டாம். தேநீர் வேளையில் பேசினாலே போதும்.

மாணவர்களுக்குப் பயிற்சி

கீழே உள்ளவற்றை நல்ல தமிழில் திருத்துங்கள். விடை கடைசியில் இருக்கிறது. முதலில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பிறகு எழுதுங்கள்.

1. பத்து பஹாட்டுக்கான பேருந்து தாமதமாக வந்தது.
2. நீலச் சட்டையுடனான சிறுவன் என் தம்பி.
3. தேர்வுக்காகப் பதில்களை எழுதினேன்.
4. பாட்டியிலிருந்தான பரிசு எனக்குப் பிடிக்கும்.
5. கத்தியுடன் பழத்தை நறுக்கினாள்.
6. வறட்சியிலிருந்தான பயிர்ச் சேதம் அதிகம்.

விடை: 1. பத்து பஹாட் போகும் பேருந்து. 2. நீலச் சட்டை போட்ட சிறுவன். 3. தேர்வுக் கேள்விகளுக்குப் பதில் எழுதினேன். பதில் என்ற பெயர் கேட்பது கு, அதுவும் கேள்வியோடு. 4. பாட்டி கொடுத்த பரிசு. 5. கத்தியால். 6. வறட்சியால் பயிருக்கு ஏற்பட்ட சேதம்.

வேறு விடையும் சரியாக இருக்கலாம். உங்கள் விடையில் எந்த வினை வந்தது, ஏன் அந்த வினை என்று உங்கள் ஆசிரியரிடம் சொல்லிக் காட்டுங்கள். ஆசிரியர்களே, பிள்ளைகள் எழுதிக் காட்டும் புதிய எடுத்துக்காட்டுகளைச் சங்கத்தின் இதழுக்கு அனுப்புங்கள். துணையோடு கூடிய பெயர்ச்சொல் பட்டியல் ஒன்றை நாமே தொகுத்துவிடலாம்.